விசாகப்பட்டினத்து உலையும் மண்டபத்துக் கம்பியும்

எஃகுத் தொழிலைக் காப்பாற்ற அரசு வரி போட்டிருக்கிறது என்று செய்தி வந்தால் போதும். ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி இரும்புக் கடைகளில் "கம்பி ஏறப்போகுது, இப்பவே எடுத்துப் போட்டுருங்க" என்ற பேச்சு கிளம்பிவிடும். வீடு கட்டப் பணம் சேர்த்து வைத்திருப்பவர் பதறிப்போய் நாலு டன் கம்பியை இறக்குவார். அஸ்திவாரம் தோண்ட மூன்று மாதம் ஆகும். அதற்குள் உப்புக்காற்று பட்டு அந்தக் கம்பி செம்மண் நிறத்துக்கு வந்திருக்கும். விலை ஏறியதோ இல்லையோ, சரக்கு கெட்டது மிச்சம்.

2025 ஏப்ரல் 21 அன்று இந்திய அரசு போட்ட 12 சதவீதக் காப்பு வரி (இறக்குமதி வெள்ளத்திலிருந்து உள்நாட்டு ஆலையைக் காக்கப் போடும் கூடுதல் சுங்க வரி) கம்பிக்கானதே அல்ல. அது தகட்டு வகை எஃகுக்கு: சூடாக உருட்டிய காயில் (சுருளாகச் சுற்றிய தகடு), ஷீட், பிளேட், குளிராக உருட்டிய காயில், துத்தநாகம் பூசிய ஷீட், வண்ணம் பூசிய ஷீட். கார் கதவு, பிரிட்ஜ், கூரைத் தகடு, கப்பல், விசைப்படகு எல்லாம் இந்த வகையில் செய்யப்படுபவை. வீட்டுக்குள் போகும் முறுக்குக் கம்பி, ஆங்கிள், சேனல் எல்லாம் நீள வகை. இந்தியா வெளிநாட்டுக் கம்பியை நம்பியிருக்கும் நாடு அல்ல. வெள்ளமாக வந்து இறங்கியது தகடுதான், வரியும் அதற்குத்தான். இந்த வேறுபாடு பிடிபட்டால், அரசு எடுக்கும் மீட்பு நடவடிக்கைகளில் எது நம் கடற்கரையைத் தொடும், எது தொடாது என்பது தானே விளங்கிவிடும்.

உலை ஏன் தடுமாறுகிறது

உலகத்தில் உருகும் எஃகில் பாதிக்கு மேல் சீனாவில் உருகுகிறது, ஆண்டுக்கு சுமார் 100 கோடி டன். அங்கே அடுக்குமாடி கட்டுமானம் படுத்துவிட்டதால், ஆலைகள் உற்பத்தியைக் குறைக்காமல் சரக்கை வெளியே தள்ளுகின்றன. 2024-ல் சீனா ஏற்றுமதி செய்த எஃகு சுமார் 11 கோடி டன். 2015-க்குப் பிறகு அதுவரை அதுதான் உச்சம். இந்தியா 2018 முதல் உலகின் இரண்டாவது பெரிய எஃகு உற்பத்தியாளர். ஆனாலும் 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுகளிலும் ஏற்றுமதியைவிட இறக்குமதிதான் அதிகம். அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம் இருந்தும், தடையற்ற வணிக ஒப்பந்தம் உள்ள ஜப்பான், கொரியா சரக்குக்கு அது தடையாக இல்லை.

விலை விழும்போது உற்பத்தியைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். தாதிலிருந்து இரும்பை உருக்கும் ஊதுலைக்கு அது முடியாது. ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் இரும்புத் தாது, முக்கால் டன்னுக்கும் மேல் கோக்கிங் நிலக்கரி வேண்டும். அந்த நிலக்கரியில் பெரும்பகுதியை இந்தியா கப்பலில் வரவழைக்கிறது, முக்கியமாக ஆஸ்திரேலியாவிலிருந்து. உலை ஒருமுறை பற்றவைத்தால் ஆண்டுக்கணக்கில் இரவு பகலாக ஓட வேண்டும். திட்டமில்லாமல் அணைத்தால் அடியில் தேங்கிய இரும்பு பாறையாக இறுகிவிடும். உள்ளே பதித்த தீச்செங்கல் குளிர்ந்து வெடிக்கும். நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் அடுப்புகளின் கதி இன்னும் மோசம்: ஆறிவிட்டால் பெரும்பாலும் இடித்துத்தான் கட்ட வேண்டும். எனவே நஷ்டத்திலும் ஆலை ஓடும், நஷ்டத்துக்குச் சரக்கும் விற்கும். வங்கிக்கடன் வட்டி அதன்மேல் ஏறும். இந்த நிலையில்தான் ஆலை நிர்வாகமும் தொழிற்சங்கமும் ஒரே குரலில் டெல்லி பக்கம் திரும்புகின்றன.

டெல்லியின் கைவசம் உள்ளவை

முதலாவது எல்லையில் போடும் தடை. 2015 செப்டம்பரில் சூடாக உருட்டிய காயிலுக்கு 20 சதவீதக் காப்பு வரி. 2016 பிப்ரவரியில் 173 வகை எஃகுக்கு டன்னுக்கு 341 டாலர் முதல் 752 டாலர் வரை குறைந்தபட்ச இறக்குமதி விலை. இப்போதைய வரி அதே வழியின் தொடர்ச்சி. உள்நாட்டு ஆலைகளின் சங்கம் மனுக் கொடுத்தது. மத்திய வணிக அமைச்சகத்தின் வணிகத் தீர்வு இயக்குநரகம் 2024 டிசம்பரில் விசாரணை தொடங்கியது. 2025 மார்ச்சில் இடைக்காலப் பரிந்துரை தந்தது. ஏப்ரலில் 200 நாளுக்கு வரி வந்தது. பிறகு அது மூன்றாண்டு வரியாக நீண்டது: முதலாண்டு 12, இரண்டாமாண்டு 11.5, மூன்றாமாண்டு 11 சதவீதம். ஆண்டுக்காண்டு குறைவது டெல்லியின் தாராளம் அல்ல. காப்பு வரி நிரந்தரமாக இருக்கக் கூடாது, படிப்படியாகத் தளர வேண்டும் என்பது உலக வணிக அமைப்பின் விதி.

இந்த வரியில் செய்திகள் அதிகம் பேசாத ஒரு விலை வரம்பு உண்டு. சூடாக உருட்டிய காயில் டன்னுக்கு 675 டாலர், கனத்த பிளேட் 695 டாலர், அதற்கு மேல் விலை போட்டு வரும் சரக்குக்குக் காப்பு வரி கிடையாது. அதற்குக் கீழே வந்தால் வரி உண்டு. 550 டாலருக்கு வந்து இறங்கும் பிளேட்டுக்கு 12 சதவீதம் என்றால் 66 டாலர். சரக்கைத் தடுப்பதைவிட, "இந்த விலைக்குக் கீழே விற்காதே" என்று சொல்வதுதான் இதன் நோக்கம். வளரும் நாடுகள் பலவற்றுக்கு விலக்கு இருக்கிறது. சீனாவுக்கும் வியட்நாமுக்கும் அந்த விலக்கு இல்லை.

வரியின் பலன் ஆலைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? இறக்குமதித் தகட்டின் விலை ஏறினால் உள்நாட்டு ஆலையும் அந்த அளவுக்குத் தன் விலையை உயர்த்திக்கொள்ளும். அதாவது மீட்பின் செலவை அரசு கஜானா கொடுப்பதில்லை. தகடு வாங்குகிறவர் கொடுக்கிறார். கோவை பம்ப்செட் பட்டறைகளும் சென்னையின் சிறு பொறியியல் கூடங்களும் இதைத்தான் குறையாகச் சொல்கின்றன, அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எஃகு வாங்கிப் பொருள் செய்து ஏற்றுமதி செய்கிறவருக்குச் சீனப் போட்டியாளர் மலிவான எஃகோடு எதிரே நிற்கிறார்.

அரசு எப்போதும் ஆலை பக்கமே நிற்கும் என்றும் இல்லை. 2022 மே மாதம், உக்ரைன் போரால் விலை எகிறியபோது, இதே அரசு எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டு ஆலைகளைக் கதற வைத்தது. ஆறு மாதத்தில், நவம்பர் 19 அன்று, அதை எடுத்தும் விட்டது. வீடு கட்டுகிறவரின் கூக்குரலும் ஆலையின் கூக்குரலும் மாறி மாறி டெல்லிக்குக் கேட்கின்றன என்பதற்கு அந்த ஆறு மாதம் சாட்சி.

இரண்டாவது, கடனைத் தீர்க்கும் வழி. 2016-ன் திவால் சட்டம் வந்தபின் ரிசர்வ் வங்கி 2017-ல் முதலில் அனுப்பிய 12 பெரிய வாராக்கடன் கணக்குகளில் பூஷண் ஸ்டீல், எஸ்ஸார் ஸ்டீல், பூஷண் பவர், எலக்ட்ரோஸ்டீல், மோனட் என எஃகுக் கம்பெனிகளே முன்னால் நின்றன. பூஷண் ஸ்டீல் 2018-ல் டாடாவுக்குப் போனது. எஸ்ஸார் 2019-ல் சுமார் 42,000 கோடி ரூபாய்க்கு ஆர்சலர் மிட்டல், நிப்பான் கூட்டுக்குப் போனது. முதலாளிதான் மாறினார், உலை அணையவில்லை. நம் பார்வையில் இந்தியா செய்த எஃகு மீட்புகளில் உருப்படியானது இதுதான். பொதுப்பணத்தை நேரடியாகக் கொட்டவில்லை என்றாலும், வங்கிகள் விட்டுக்கொடுத்த பாக்கி பொதுமக்கள் பணம்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, அரசு ஆலைக்கு அரசே பணம் போடுவது.

விசாகப்பட்டினக் கணக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தில் கம்பி வாங்குகிறவர் வாயில் 'வைசாக் கம்பி' என்ற பேர் தானாக வரும். அந்த ஆலை ராஷ்ட்ரிய இஸ்பாத் நிகம் என்ற மத்திய அரசு நிறுவனத்துடையது. ஆண்டுக்கு 73 லட்சம் டன் திறன். கோதாவரி, கிருஷ்ணா, அன்னபூர்ணா என்று மூன்று ஊதுலைகள். இது பெரும்பாலும் நீள வகை ஆலை: கம்பி, வயர் ராடு, கட்டுமான உருப்படிகள். ஆகவே தகட்டுக்குப் போட்ட காப்பு வரியால் இதற்கு நேரடி லாபமில்லை. சேலம் உருக்காலைக்கும் அதே கதைதான். அது துருப்பிடிக்காத எஃகுத் தகடு செய்கிறது, துருப்பிடிக்காத எஃகை அந்த வரியிலிருந்து விலக்கிவிட்டார்கள். நமக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மத்திய அரசு ஆலைகளுக்கும் நேராகப் பலன் தராத ஒரு மீட்புதான் நாடு முழுக்கப் பெரிதாகப் பேசப்பட்டது.

வைசாக்கின் அடிப்படை நோய் எளிமையானது: சொந்தச் சுரங்கம் இல்லை. செயிலுக்கும் (இன்னொரு மத்திய அரசு எஃகு நிறுவனம்) டாடாவுக்கும் சொந்த இரும்புத் தாதுச் சுரங்கங்கள் உண்டு. தோண்டும் செலவில் தாது கிடைக்கும். வைசாக், சத்தீஸ்கரின் பைலாடிலா மலையிலிருந்து மத்திய அரசுச் சுரங்க நிறுவனம் என்.எம்.டி.சி. விற்கும் தாதைச் சந்தை விலைக்கு வாங்கி ரயிலில் இறக்குகிறது. எஃகு விலை ஏறும் காலத்தில் தாதும் ஏறும். எஃகு விழும்போது தாது அதே வேகத்தில் விழாது. இந்த நிலையில் கடன் வாங்கி ஆலையை இரட்டிப்புக்கு மேல் விரித்தார்கள். 2021 ஜனவரியில் முழுப் பங்கையும் விற்பதாக மத்திய அமைச்சரவைக் குழு முடிவெடுத்தது. அதன்பின் யாரும் நீண்டகாலக் கடன் கொடுக்கத் துணியவில்லை. 2023-24-ல் நஷ்டம் 4,800 கோடி ரூபாயைத் தாண்டியது. 2024 செப்டம்பரில் நிலக்கரி வாங்கக் காசில்லாமல் மூன்று உலைகளில் இரண்டு நின்றன, ஒன்று மட்டும் ஓடியது.

விற்பனைக்கு எதிரான போராட்டம் ஆந்திர அரசியலோடு கலந்தது. 1966-ல் 'விசாக உக்கு, ஆந்திருல ஹக்கு' (விசாக எஃகு ஆந்திரரின் உரிமை) என்று உயிர்ப்பலி கொடுத்து வாங்கிய ஆலையை எந்தக் கட்சியும் துணிந்து விற்றுவிட முடியாது. 2025 ஜனவரி 17 அன்று 11,440 கோடி ரூபாய் மீட்புத் தொகை அறிவிக்கப்பட்டது. அதன் உள்ளே பார்த்தால் 10,300 கோடி புதிய பங்கு மூலதனம். மீதி 1,140 கோடி பழைய நடைமுறைக் கடனை 7 சதவீத முன்னுரிமைப் பங்காக மாற்றியது. பத்தாண்டு கழித்துத் திருப்பிக் கொடுக்கலாம். 2025 ஜனவரியில் இரண்டு உலை, ஆகஸ்டில் மூன்றும் ஓட வேண்டும் என்பது அப்போதைய இலக்கு.

கையில் காசு வந்தது, நிலக்கரி வந்தது, உலை பற்றியது. சுரங்கம் வரவில்லை. தாது வாங்கும் விலையில் டன்னுக்குச் சில ஆயிரம் ரூபாய் பின்தங்கி நிற்கும் ஆலைக்கு மூலதனம் கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். பெரிய ஓட்டை அடைபடாத வரை அடுத்த விலைச் சரிவில் இதே கோரிக்கை திரும்பி வரும். இந்தத் தொகையைத் தவறு என்று சொல்லவில்லை. உலை இறுகிப்போயிருந்தால் இழப்பு இதைவிடப் பல மடங்கு. ஆனால் இதை மருந்து என்பதைவிட அவசர சிகிச்சை என்பதே சரி.

பிரிட்டனிலும் இதே குழப்பம்தான். நம் பாம்பனில் 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் பகுதி இங்கிலாந்தில் டீஸ் ஆற்றங்கரையிலுள்ள தார்னபியில், ஹெட் ரைட்சன் பட்டறையில் செய்யப்பட்டது. அந்த ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த ரெட்கார் உருக்காலை 2015-ல் மூழ்கியபோது லண்டன் அரசு கையை விரித்தது. உலையும் கோக் அடுப்பும் ஆறின, சுமார் 2,200 பேருக்கு வேலை போனது, மறுபடி பற்றவைக்கும் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. பத்தாண்டு கழித்து ஸ்கந்தார்ப் ஆலையின் சீன முதலாளிகள் உலையை அணைக்கத் தயாரானபோது, 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடாளுமன்றத்தைக் கூட்டி ஒரே நாளில் சட்டம் போட்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். வேல்ஸின் போர்ட் டால்பட்டில் இன்னொரு வழி: கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது, பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலைக்கு டாடாவுக்கு அரசு 50 கோடி பவுண்டு கொடுக்கிறது.

நம் கடைக்கு வரும் கம்பி

வைசாக், டாடா, செயில், ஜே.எஸ்.டபிள்யூ. போன்றவை தாதிலிருந்து எஃகு செய்கிறவை. கடைக்காரர் மொழியில் 'மெயின் பிராண்டு'. கடற்கரைக் கிராமங்களில் பாதிக்கு மேல் போவது இதுவல்ல. கும்மிடிப்பூண்டி, கோவை, புதுச்சேரிப் பக்கத்து ஆலைகளின் கம்பி. பழைய இரும்பையும் ஸ்பாஞ்ச் இரும்பையும் (தாதை உருக்காமலே பிரித்தெடுத்த இரும்பு) மின்சாரத்தால் சூடேறும் தூண்டல் உலையில் உருக்கி, பில்லெட் என்ற கட்டையாக வார்த்து, உருட்டுகிறார்கள். பழைய இரும்பு கப்பலில் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் வருகிறது. நம் வாலிநோக்கத்திலும் ஒரு காலத்தில் கப்பல் உடைத்தார்கள். இந்தக் கம்பியின் விலையைத் தீர்மானிப்பவை பழைய இரும்பின் விலை, மின்கட்டணம், மழைக்காலத்தில் கட்டுமானம் மந்தமாவது ஆகியவைதான். டெல்லியின் தகட்டு வரிக்கு இதில் பெரிய பங்கில்லை.

தூண்டல் உலையில் ஒரு குறை உண்டு. பழைய இரும்போடு வந்த பாஸ்பரஸையும் கந்தகத்தையும் அது பெரிதாக வெளியேற்றாது. போட்டதுதான் வரும். நல்ல ஆலை பழைய இரும்பைத் தரம் பிரித்துப் போடும், இடையில் சுத்திகரிப்புக் கலம் வைத்திருக்கும். விலைப்போட்டியில் திணறுகிற ஆலை கிடைத்ததை அள்ளிப் போடும். ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தரநூலின்படி எஃப்இ 500 கம்பிக்குக் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்து 0.105 சதவீதம் வரை அனுமதி, நீட்சி (அறுமுன் இழுபடும் அளவு) குறைந்தது 12 சதவீதம். எஃப்இ 500டி-க்கு 0.075 சதவீதம்தான், நீட்சி 16. கடற்கரைக்கு 500டி-யைக் கேட்டு வாங்குவது நல்லது. 550, 600 என்று எண் பெரிதாக இருப்பதால் கடற்காற்றுக்கு அதிகம் தாங்கும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். அந்த எண், எவ்வளவு இழுத்தால் கம்பி திரும்ப முடியாதபடி நீளத் தொடங்கும் என்ற வலிமை, துருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கம்பி நெடுகிலும் இடைவெளி விட்டு ஆலைப் பெயரும் தரமும் உருட்டிப் பதிந்திருக்கும். கட்டில் தொங்கும் சீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்த எண்ணை இந்தியத் தர நிறுவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உரிமம் உயிரோடு இருக்கிறதா, எந்த ஆலைக்கு என்று காட்டும்.

அடுத்தது எடை. விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மீட்டர் நீளத்துக்கு 8 மி.மீ. கம்பி 4.74 கிலோ, 10 மி.மீ. 7.4, 12 மி.மீ. 10.67, 16 மி.மீ. 18.96 கிலோ. தரம் அனுமதிக்கும் குறைவு ஒற்றைக் கம்பிக்கு 10 மி.மீ. வரை 8 சதவீதம், 16 வரை 6 சதவீதம். அதாவது 12 மி.மீ. கம்பி 10 கிலோவுக்குக் கீழே போனால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். பீஸ் ரேட்டில் வாங்கினால் எடை குறைந்த கம்பி தலையில் கட்டப்படும். கிலோ ரேட்டில் வாங்கினால் கனத்த கம்பி வந்து, அதே பணத்துக்கு நீளம் குறையும். கட்டுக்கு 8 மி.மீ. பத்து, 10 மி.மீ. ஏழு, 12 மி.மீ. ஐந்து, 16 மி.மீ. மூன்று என்பது வழக்கம். வேபிரிட்ஜ் சீட்டை எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இரண்டு ஏமாற்றும் தெரிந்துவிடும்.

ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மூன்றரை முதல் நாலு டன் கம்பி போகும். கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் கூடுதல் செலவு 20,000 ரூபாய். விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதோ, ஏறும் என்று முன்கூட்டி வாங்கிக் குவிப்பதோ இந்த இருபதாயிரத்துக்காகத்தான். அதே வீட்டில் தப்பான தண்ணீரும் குறைந்த கவரும் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) விளைவிக்கும் சேதம் பத்து, பதினைந்து ஆண்டில் லட்சக்கணக்கில் வரும்.

உப்பு எப்படி உள்ளே போகிறது

சிமென்டின் காரத்தன்மையில் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் உருவாகும். குளோரைடு அதைத் துளைக்கும். துளைத்த இடத்தில் துரு. துரு இரும்பைவிடப் பல மடங்கு பருத்து கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். 'கம்பி வெடிச்சுருச்சு' என்று ராமேஸ்வரத்திலும் தங்கச்சிமடத்திலும் சொல்வது இதைத்தான். முதலில் போவது சன்ஷேடு. நுனியில் மூன்று அங்குலக் கனம்கூட இருக்காது, கம்பிக்கு மேலும் கீழும் காரை எங்கே இருக்கும்?

கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் எல்லாம் சேர்த்துக் குளோரைடு 0.6 கிலோதான் அனுமதி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கன மீட்டருக்கு 180 லிட்டர் தண்ணீர், போர் தண்ணீரில் 2,500 மில்லிகிராம் இருந்தால் அதிலேயே 0.45 கிலோ போய்விட்டது. மணலிலும் ஜல்லியிலும் இருப்பது அதற்கு மேல். கடல்நீரென்றால் சுமார் 3.4 கிலோ, வரம்பைப்போல் ஐந்தரை மடங்குக்கும் மேல். கலவைக்கு நல்ல தண்ணீர் வாங்கிவிட்டு, நனைப்புக்கு மட்டும் உப்புத் தண்ணீர் ஊற்றுவது இங்கே பரவலாக நடக்கிற தப்பு. பச்சைக் கான்கிரீட் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

கடற்கரைக் காற்று படும் கான்கிரீட்டை அந்தத் தரநூல் 'கடுமை' வகையில் வைக்கிறது: எம்30 கலவை, கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமென்ட், தண்ணீர் சிமென்ட் விகிதம் 0.45, கவர் 45 மி.மீ. அலைத்திவலை நேரே தெறிக்கும் இடத்துக்குக் கவர் 50. நடைமுறையில் எல்லா இடத்திலும் கிடப்பது 20, 25 மி.மீ. கவர் பிளாக். இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒன்பதுக்கு ஒன்பது அங்குலத் தூண், அதாவது 230 மி.மீ. கவர் என்பது மெயின் கம்பிக்கு அல்ல, வெளியே இருக்கும் ரிங்குக்கு அளப்பது. இரண்டு பக்கமும் 45 விட்டால் ரிங்கின் வெளி அளவு 140 மி.மீ. கம்பி கட்டுகிறவர் வழக்கப்படி 180-க்கு வளைத்துக் கொண்டுவந்திருப்பார், 45 மி.மீ. பிளாக் கையில் கொடுத்தால் பெட்டிக்குள் நுழையாது, பிளாக்கைக் கழற்றி எறிந்துவிடுவார். ரிங்கை மட்டும் சிறிதாக்கினால் தூணின் வலு குறையும். எனவே வரைபடம் போடும்போதே கடற்கரைத் தூணை 9-க்கு 12 அல்லது 12-க்கு 12 என்று பொறியாளர் எடுக்க வேண்டும். சாரம் கட்டியபிறகு பேசிப் பலனில்லை.

கம்பியைத் தரையில் போடாமல் கட்டைமேல் அடுக்கி, தார்ப்பாய் மூடி, வாங்கிய சில வாரத்தில் கட்டிவிட வேண்டும். மேலாகப் படிந்த செம்மை பெரிய குற்றமில்லை. நல்ல தண்ணீரில் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்தபின் குழிகள் தெரிந்தால் அந்தக் கம்பியை ஒதுக்க வேண்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் சிமென்டும் பாலிமரும் கலந்த பூச்சு ஒன்றை இதற்கென்றே உருவாக்கியிருக்கிறது. அதற்கு மண்டபத்தில் துரு ஆய்வு நிலையமே உண்டு. எப்பாக்சி பூசிய கம்பியை வளைக்கும்போதும் இழுக்கும்போதும் பூச்சு உரசிப்போனால், அந்தக் கீறலில் துரு குவிந்து சாதாரணக் கம்பியைவிட மோசமாகும். கிராமத்து வேலைக்கு அது தோதுப்படாது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே போட்டார்கள். ரயில்வேக்குக் கட்டுப்படியாகும், வீட்டுக்கு ஆகாது.

வீட்டுக்குக் கட்டுப்படியாவது கசடு சிமென்ட். ஊதுலையில் ஒரு டன் இரும்புக்குச் சுமார் 300 முதல் 400 கிலோ கசடு (தாதிலிருந்து பிரியும் கழிவு) வழிகிறது. அதைத் தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து அரைத்துச் சேர்த்த சிமென்ட் (ஐ.எஸ். 455) குளோரைடை உள்ளே விடுவதில் மிகவும் இறுக்கமானது. ஆரம்ப வலு மெதுவாக வரும் என்பதால் பத்து முதல் பதினாலு நாள் நனைக்க வேண்டும், சென்ட்ரிங்கையும் அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. வைசாக் உலைகள் ஓடுவதில் நம் கடற்கரைக்கு இருக்கும் இரண்டாவது அக்கறை இது. பிரிட்டன்போல ஊதுலையை மூடி மின்வில் உலைக்குப் போனால் கார்பன் குறையும், இந்தக் கசடும் நின்றுவிடும்.

படகுத் தகடு

காப்பு வரி உண்மையில் சுடும் இடம் இங்கே படகுதான். பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்றும் திட்டத்தின் அனுமதிக் கடிதங்களைப் பிரதமர் 2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் வைத்துக் கொடுத்தார். அப்போது நிர்ணயித்த படகு விலை 80 லட்சம்: மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் 8. இலக்கு 2,000 படகு. கட்டி முடிந்தது அதில் சிறு பங்கே. விலை நிர்ணயித்தபின் தகடு ஏறியதும் ஒரு முட்டுக்கட்டை. மானியம் அறிவித்த தொகையோடு நின்றுவிடும். ஏறுவதெல்லாம் மீனவர் பங்கில் வந்து விழும். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு சதுர மீட்டர் தகடு 7.85 கிலோ, 6 மி.மீ. என்றால் 47 கிலோ. உடலுக்கு 25 டன் எஃகு போகிறது என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 5 ரூபாய் ஏற்றம் 1.25 லட்சம். எட்டு லட்சம் புரட்டவே திணறும் குடும்பத்துக்கு இது சிறு தொகை இல்லை. ஒரு அமைச்சகம் எஃகை மீட்கிறது, இன்னொன்று மீனவரை மீட்கிறது. இரண்டு கோப்பும் சந்தித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்த 1.25 லட்சத்தை மிச்சம் பிடிக்க 6 மி.மீ. இடத்தில் 5 போடச் சொல்வதுதான் நடக்கக்கூடிய பெரிய தப்பு. எஃகுப் படகு வேகமாகத் தேய்வது நீருக்கு அடியில் அல்ல. நனைந்து காயும் நீர்மட்டத்தை ஒட்டிய பட்டையிலும், உள்ளே அழுக்குத் தண்ணீர் தேங்கும் அடிக்குழியிலும், வெல்டிங் ஓரத்திலும்தான். அங்கே ஒரு மில்லிமீட்டர் போவது ஆண்டுக் கணக்கில் ஆயுள் போவது. தகட்டுக்குப் பதில் தான் கரையும்படி உடலில் பொருத்தும் துத்தநாகக் கட்டிகளைப் பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அவற்றின்மேல் பெயின்ட் அடித்துவிட்டால் வேலை செய்யாது. மின்கம்பி இணைப்பு படகின் உடலுக்குக் கசிந்தால் தகடு சில மாதத்திலேயே குழி விழும். ஆண்டுக்கொரு முறை கரையேற்றும்போது ஒலியலைக் கருவியால் கனம் அளந்து குறித்துவைப்பது நல்லது.

கட்டும் தளத்தோடு ஒப்பந்தம் போடும்போது தகட்டின் கனமும் தரமும், ஆலைச் சோதனைச் சான்றும், தகட்டு விலை எந்தத் தேதிப்படி என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். முன்பணத்தின் முதல் தவணையைத் தகடு வாங்கி இறக்கியதோடு இணைத்துவிட்டால் பிறகு ஏறும் விலை தளத்தின் பொறுப்பு. காப்பு வரி அடுத்த ஆண்டு அரை சதவீதம் இறங்கும் என்று ஒப்பந்தத்தைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை. டாலருக்கு எதிராக ஒரு ரூபாய் நகர்ந்தாலே அதைவிடப் பெரிய வித்தியாசம் வந்துவிடும்.